காலையில் முதல் ஒரு மணி நேரம் குனியாதே

அன்புள்ள கண்ணா,

நாற்காலியை விட்டு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர முடிகிறது என்று சொன்னாய். இந்த நிலையிலேயே சரிசெய்துவிடலாம். பொறுமையாகப் படி.

காலையிலிருந்து தொடங்குகிறேன், அங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க்குகள் இரவில் நாம் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் நாம் இரவில் இருந்ததைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் உயரமாக இருப்பது அதனால்தான். விம்மியிருக்கும் அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கின் பின்பக்கச் சுவரில் அழுத்தம் அதிகம். ஆகவே எழுந்து ஒரு மணி நேரம் வரை ஆழமாகக் குனியும் வேலை எதுவும் வேண்டாம். கால்விரலைத் தொடும் பயிற்சியும் அப்போது வேண்டாம். நல்லது என்று நினைத்துப் பலர் அதைத்தான் முதலில் செய்கிறார்கள். படுக்கையிலிருந்து விருட்டென்று நேராக எழாதே. முழங்காலை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்பும்படி ஒருக்களித்து, கால்களைக் கீழே இறக்கிக்கொண்டே கையை ஊன்றி எழு. பல் தேய்க்கும்போது ஒரு கையை வாஷ்பேசின் விளிம்பில் ஊன்றிக்கொள். தும்மல் வந்தால் நிமிர்ந்து நின்று தும்மு. குனிந்தபடி தும்மினால் சுளீரென்று பிடித்துக்கொள்ளும்.

பிறகு எப்போது குனிந்தாலும், மடங்க வேண்டியது தொடை இடுப்போடு சேரும் மூட்டு, முதுகு அல்ல. இதை உடம்புக்குப் பழக்கத்தான் வேண்டும். சுவருக்கு முதுகைக் காட்டி ஒரு அடி தள்ளி நில். ஒரு நீளக் கம்பை முதுகோடு செங்குத்தாகப் பிடி. பின்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு, மூன்றையும் கம்பு தொட வேண்டும். முழங்காலை லேசாகத் தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளிச் சுவரைத் தொடு. மூன்றில் ஓரிடத்தில் கம்பு விலகினாலும் முதுகு வளைந்துவிட்டது என்று அர்த்தம். தினமும் 10 முறை செய்.

கனமான பொருளை வயிற்றோடு அணைத்துத் தூக்கு. அதே 5 கிலோவைக் கையை நீட்டித் தூக்கினால் முதுகுத் தசைகள் பல மடங்கு இழுக்க வேண்டியிருக்கும். தூக்கியபடி இடுப்பைத் திருகாதே, பாதங்களை நகர்த்தித் திரும்பு. குனிவதும் திருகுவதும் சேரும்போதுதான் டிஸ்க் அதிகம் அடிபடுகிறது. வெகுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்த கையோடு எதையும் தூக்காதே. ஓரிரு நிமிடம் நடந்துவிட்டுத் தூக்கு.

நாற்காலியைப் பற்றி அதிகம் கவலைப்படாதே. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் அசையாமல் இருந்தால் வலிக்கத்தான் செய்யும். சுருட்டிய துண்டு ஒன்றை இடுப்பின் குழிவில் வை. திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்தில் இருக்கட்டும். பின்பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நட.

நடை என்றதும் அலட்சியமாக நினைக்காதே. முதுகுவலி வந்து குணமான 701 பேரை வைத்து ஆஸ்திரேலியாவில் நடந்த ஓர் ஆய்வு 2024இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. படிப்படியாக நடையைக் கூட்டியவர்களில் பாதிப் பேருக்கு வலி திரும்ப ஏறக்குறைய 208 நாள் ஆனது. மற்றவர்களுக்கு 112 நாள். வாரம் 5 நாள், 30 நிமிடம் என்பதை இலக்காக வை. முதல் நாளே அவ்வளவு வேண்டாம். 10 நிமிடத்தில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டு.

இதையெல்லாம் செய்தும் வலி வந்தால் நாள்கணக்கில் படுத்துக் கிடக்காதே. தாங்க முடிந்த அளவுக்கு நடமாடு, சாதாரணப் பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் அடங்கிவிடும். ஆனால் பாதம் தூக்க முடியாமல் தொய்ந்தாலோ, தொடைகளின் இடுக்கில் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமல் அடைத்தாலோ, கட்டுப்பாடில்லாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காதே. அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்குப் போ, எனக்குப் போன் செய்வதைப் பிறகு வைத்துக்கொள்.

அன்புடன்,
அப்பா