இரத்த ஈயப் பரிசோதனை முடிவுகள் நல அலுவலகத்துக்கு வரக் கோரி மனு

அனுப்புநர்: கிச்சிப்பாளையம் பகுதிப் பெற்றோர், சேலம்.
பெறுநர்: மாநகர நல அலுவலர் அவர்கள், சேலம் மாநகராட்சி.

பொருள்: குழந்தைகளுக்கு இரத்த ஈயப் பரிசோதனை நடத்தவும், முடிவுகளைத் தங்கள் அலுவலகத்தில் பதிவு செய்யவும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு பட்டறையில் பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிறார்கள். ஆசிட் சாக்கடைக்குப் போகிறது. அடுப்பு எரியும் நாளில் கொடியில் காயும் துணியெல்லாம் சாம்பல் நிறத் தூசி. அங்கே வேலை பார்ப்பவர்களும் எங்கள் தெரு ஆட்கள்தான். அதே லுங்கியோடு வீட்டுக்கு வந்து பிள்ளையைத் தூக்குகிறார்கள். அவர்கள் பிழைப்பைக் கெடுக்க இந்த மனுவை எழுதவில்லை.

தெருவில் நான்கு வயதுக் குழந்தை ஒன்றுக்கு ஓயாத வயிற்றுவலி, சோகை. தனியார் லேபில் பார்த்ததில் இரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 14 மைக்ரோகிராம். 5 இருந்தாலே அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துத் தடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வழிகாட்டுதல். ஆனால் அந்தத் தாள் இன்னும் அவர்கள் வீட்டு பீரோவில்தான் கிடக்கிறது. யாரும் வந்து விசாரிக்கவில்லை. அலுவலகத்துக்குத் தெரிந்தால்தானே வருவார்கள்? டெங்கு என்று தெரிந்தால் வீடு தேடி வந்து தண்ணீர்த் தொட்டியைத் திறந்து பார்க்கிறார்கள். அந்த ஏற்பாட்டைத்தான் ஈயத்துக்கும் கேட்கிறோம்.

ஆலைத் தொழிலாளிக்கு ஈய நஞ்சு கண்டால் டாக்டர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1948 தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இருந்தது. தகரக் கொட்டகைப் பட்டறையே அந்தக் கணக்கில் வரவில்லை, பக்கத்து வீட்டுக் குழந்தை எங்கே வரும்?

ஆகவே, ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அங்கன்வாடியில் முகாம் நடத்த வேண்டுகிறோம். விரலில் குத்தி எடுப்பதானால் முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். கையில் ஒட்டிய தூசியே அளவைக் கூட்டிக் காட்டிவிடும். கூடுதலாக வந்தால் நரம்பில் இரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அப்புறம் முக்கியமானது: அரசு லேபோ தனியார் லேபோ, ஈயம் பார்த்த ஒவ்வொரு முடிவும் வயது, முகவரி, இரத்தம் எடுத்த விதம், தேதியோடு தங்களுக்கு வந்தாக வேண்டும். முகவரி இல்லாத எண்ணை வைத்துக்கொண்டு எந்த வீட்டுக் கதவைத் தட்டுவது? குழந்தைகளின் பெயர் மட்டும் வெளியே போக வேண்டாம்.

விசாரிக்க வீட்டுக்கு வருபவர்கள் பட்டறையோடு நிறுத்தாமல், ஈயம் கலந்திருக்கக்கூடிய மற்றவற்றையும், அதாவது உதிரும் பழைய பெயின்ட், கண் மை, உதிரியாக வாங்கும் மஞ்சள்தூளையும் பார்க்கட்டும். பட்டறை விவரத்தை மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் அனுப்ப வேண்டுகிறோம். அந்தக் குழந்தையின் லேப் தாள் நகலை, பெற்றோர் சம்மதத்துடன் இணைத்துள்ளோம்.

இப்படிக்கு,
கிச்சிப்பாளையம் பகுதிப் பெற்றோர்