கொடை முடிந்தும் அவிழாத கயிறு

திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் ஊர்க்கொடை நடத்தும் விழாக் கமிட்டியாருக்கு ஒரு திறந்த மடல்

அண்ணாச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் வணக்கம்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளி ஆசிரியன். ஊர்ச்சாமிக்கு நாம் எடுக்கும் கொடை விழாவுக்கு என் ஊரில் வருஷம் தவறாமல் தலைக்கட்டு வரி, அதாவது வீட்டுப் பங்கு வரி, கொடுப்பவன். சாமக்கொடையில் சுடலைமாடனுக்கு மேளம் உச்சத்துக்குப் போகும்போது இன்றைக்கும் எனக்கு மேல் சிலிர்க்கும். அதனால் சாமி நம்பிக்கை இல்லாத யாரோ எழுதியது என்று இதை ஒதுக்கிவிடாதீர்கள்.

ஏழாம் வகுப்பில் ஒரு பையன். கணக்கில் கெட்டி. பக்கத்து ஊர்ப் பையனும் இவனும் ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிடுவார்கள். ஆடிக் கொடை முடிந்து வந்தவன் கையில் சாதியைக் காட்டும் இரண்டு நிறம் சேர்த்து முறுக்கிய கயிறு. அன்று மதியம் தூணுக்கு அந்தப் பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்தான். "ஏம்ல, சண்டையா?" என்று கேட்டேன். "இல்ல சார், எங்க ஊர் அண்ணன்மார் பாத்தா ஏசுவாங்க" என்றான்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் உங்கள் பிளக்ஸ் போர்டைப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அவன் முகம். மீசை முளைக்காத அந்த முகத்துக்குக் கம்ப்யூட்டரில் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள். பின்னால் சிங்கம், கீழே அருவாள் வாசகம். அந்த வாசகத்தை அவன் எழுதவில்லை. ஆனால் மறுநாள் முதல் அதற்கு ஏற்றபடி நடக்கவேண்டிய கட்டாயம் அவன் தலையில் விழுந்தது. பன்னிரண்டு வயசு அவனுக்கு.

பள்ளிக்கூடம் கண்டிக்கட்டுமே என்பீர்கள். கண்டித்துப் பார்த்தாயிற்று. சாதி அடையாளக் கயிறு கூடாது என்று 2019-இல் பள்ளிக்கல்வித் துறை சுற்றறிக்கை அனுப்பியது. மத நம்பிக்கையில் கைவைக்கிறார்கள் என்று எதிர்ப்பு கிளம்ப, அது அப்படியே அடங்கிப்போனது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை, உடன் படித்தவர்களே சாதி வெறியில் இரவில் வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம், பள்ளிப் பெயரில் சாதி என்று எல்லாவற்றையும் நீக்கச் சொன்னது. நல்ல அறிக்கை. ஆனால் நான் வாசலில் நின்று அறுத்துப் போட்ட கயிறுகள் எல்லாம் மறுநாள் காலையில் புதிதாக வந்து நின்றன. கயிறு கட்டப்படுகிற இடம் பள்ளிக்கூடம் இல்லை, அண்ணாச்சி. நம் கோயில் வாசல்.

நம்பிக்கை என்றால் அதையும் பேசுவோம். கொடைக்குக் காப்புக் கட்டுவது நம் வழக்கம். மஞ்சள் துண்டு முடிந்து கட்டுவார்கள். கட்டியவர் விரதம் இருப்பார், வாயடக்கம் காப்பார், கொடை முடிந்ததும் காப்பை அவிழ்ப்பார். காப்புக்குத் தொடக்கமும் உண்டு, முடிவும் உண்டு. பிள்ளைகள் கையில் இருக்கும் நிறக் கயிற்றுக்கு என்ன விரதம்? அதை எந்தச் சாமி கேட்டது? எந்த நாளில் அவிழ்ப்பது?

நம் வில்லுப்பாட்டில் முத்துப்பட்டன் கதை உண்டு. பிராமணனாகப் பிறந்தவன், சக்கிலியர் வீட்டுப் பெண்கள் பொம்மக்காளையும் திம்மக்காளையும் கட்டிக்கொள்ள வேண்டி, பூணூலை அறுத்துவிட்டுச் செருப்புத் தைத்தான். மாமனாரின் மாட்டு மந்தையைக் காக்கப் போராடி உயிரை விட்டான். காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் பட்டவராயன் என்று அவனைத்தான் கும்பிடுகிறோம். அவனுக்குச் செருப்புத்தான் காணிக்கை. பழைய கொடைகளில் சாதி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. யார் எங்கே நிற்பது என்பதில் தொடங்கி எல்லாம் சாதிப்படிதான் நடந்தது. ஆனாலும் அந்தக் கதையை விடிய விடிய உட்கார்ந்து கேட்டு அழுத ஆத்தாமார் நமக்கு இருந்தார்கள். இப்போது வில்லுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிட்டு, மிச்ச ராத்திரி முழுக்க ஸ்பீக்கரில் சாதிப் பெருமைப் பாட்டு. அதே பாட்டு மறுநாள் ரீல்ஸில். அதற்கு அடுத்த நாள் பள்ளிக்கூட பஸ்ஸில் செல்போனில். இங்கே கைகலப்பு பெரும்பாலும் அந்த பஸ்ஸில்தான் தொடங்குகிறது.

வீடுகளில் என்ன நடக்கிறது என்று தாய்மார் என்னிடம் சொல்கிறார்கள். உங்களிடம் சொல்லப் பயப்படுகிறார்கள். மகன் வர அரைமணி நேரம் பிந்தினால் தெருமுனையில் வந்து நிற்கிறார்கள். பீடி சுற்றிக் கட்டணம் கட்டும் ஒரு தாய், "டீசியக் குடுத்துருங்க சார், திருப்பூர்ல எங்க தம்பி வீட்டுல விட்டுருதேன்" என்று கேட்டார். அந்தப் பையன் எந்தச் சண்டைக்கும் போகாதவன். அக்கா யாரிடம் பேசுகிறாள் என்று வேவு பார்க்கும் வேலையை ஒன்பதாம் வகுப்புத் தம்பிக்குக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. அந்த அக்கா பிளஸ் டூ முடித்ததும் கல்லூரி வேண்டாம் என்கிறார்கள். நாங்குநேரி வழக்கில் பிடிபட்டவர்களும் பள்ளிப் பையன்கள்தான். வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்து வாசலில் மனுவோடு நிற்கும் தாய்க்கு எந்தக் கமிட்டியும் துணைக்குப் போய் நான் பார்த்ததில்லை.

வெட்டுப்பட்ட மாணவன் மறு வருஷம் பொதுத்தேர்வில் 600-க்கு 469 எடுத்தான். அவன் படத்தைப் போட்டு எந்த ஊரிலும் பிளக்ஸ் வைத்ததாகத் தெரியவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதில்லை. பதினெட்டு வயசுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளின் முகத்தைப் பிளக்ஸில் போடாதீர்கள். கோயிலில் கட்டுவது மஞ்சள் காப்பாக இருக்கட்டும், கொடை முடிந்ததும் பெரியவர் ஒருவர் நின்று பிள்ளைகள் கையிலிருந்து அதை அவிழ்த்துவிடட்டும். ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போதே சாதிப் பாட்டு கூடாது என்று சொல்லிவிடுங்கள். உங்கள் சொல்லை அவர் தட்டமாட்டார். மின்கம்பத்தில் சாதி நிறம் அடிப்பவன் கையிலிருக்கும் பிரஷ்ஷை நான் பிடுங்கினால் சண்டை வரும். நீங்கள் ஒரு அதட்டல் போட்டால் கீழே போட்டுவிடுவான்.

பந்தக்கால் நாட்டுக்கு முன்னால் வரி போட ஊர்க்கூட்டம் கூடுமே, அதில் பத்து நிமிஷம் எனக்குத் தாருங்கள். எந்த ஊராக இருந்தாலும் வருகிறேன். அந்த ஏழாம் வகுப்புப் பையன் இப்போது எட்டாம் வகுப்பு. இன்னமும் தூணுக்கு அந்தப் பக்கம்தான் உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளின் ஆசிரியன்