குழந்தைகளின் உடல்பருமன்: குடும்பத்துக்குக் குடும்பம் துணை நிற்க ஒரு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

குடமுருட்டி ஆற்றுக்கும் வெட்டாற்றுக்கும் இடைப்பட்ட ஊர்களில் வசிக்கும் பெற்றோர் சிலர், தத்தம் பிள்ளைகளின் உடல்பருமனை எப்படிச் சமாளிப்பது என்று தெரியாமல் தனித்தனியே தவித்துக்கொண்டிருந்தோம். இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், ஓர் அரிசி ஆலையின் நெற்களத்தில் ஐந்து குடும்பங்களாகக் கூடி மனம்விட்டுப் பேசினோம். அந்தப் பேச்சிலிருந்து உருவானதுதான் இந்தக் குழு. இப்போது 31 குடும்பங்கள் இதில் இருக்கின்றன. இதுவரை உறுப்பினர்களின் கைக்காசிலேயே செலவுகளைப் பார்த்துக்கொண்டோம். வரும் ஆண்டுக்கான பணிகள் எங்கள் சக்தியை மீறுவதால், முதல் முறையாக ஊராரிடமும் வெளியூர்களில் வாழும் நம் ஊர்க்காரர்களிடமும் நன்கொடை கேட்டு எழுதுகிறோம்.

நாங்கள் செய்வது மிக எளிய காரியம். இந்தச் சிரமத்தை ஏற்கெனவே கடந்து வந்த ஒரு குடும்பம், புதிதாக வரும் ஒரு குடும்பத்துக்கு ஆறு மாதம் துணை நிற்கிறது. வாரம் ஒரு முறை வீட்டுக்குச் சென்று, அடுக்களையில் உட்கார்ந்து, என்ன வாங்கினார்கள், என்ன சமைத்தார்கள், பிள்ளை எத்தனை மணிக்குத் தூங்கினான் என்று பேசிவிட்டு வருகிறார்கள். "எண்ணெயைக் குறையுங்கள், இனிப்பைக் குறையுங்கள், ஓடியாட விடுங்கள்" என்று மருத்துவர் சொல்வது முற்றிலும் சரியான அறிவுரைதான். ஆனால் வெளியே நாற்பது பேர் காத்திருக்கும்போது அவரால் ஐந்து நிமிடத்துக்கு மேல் அதை விளக்க இயலாது. மாமியார் பரிமாறும் வீட்டில், கணவர் இரவு பத்து மணிக்குப் பரோட்டா பொட்டலத்தோடு திரும்பும் வீட்டில், அந்த அறிவுரையை எப்படி நடத்திக்காட்டுவது என்பது அந்த நிலையில் வாழ்ந்து பார்த்தவர்களுக்கே தெரியும்.

நம் பக்கத்தில் பருமனான குழந்தையை யாரும் நோயாளியாகப் பார்ப்பதில்லை. "கொழுகொழு என்று இருக்கிறான், கண் பட்டுவிடப் போகிறது" என்று சுற்றிப் போடுவார்களே தவிர, மருத்துவரிடம் அழைத்துப் போகமாட்டார்கள். பற்றாக்குறைக் காலத்தைப் பார்த்து வளர்ந்த தாத்தா பாட்டிகளுக்கு, பேரப்பிள்ளை இன்னும் ஒரு கரண்டி சோறு கேட்பதைவிடப் பெரிய மகிழ்ச்சி இல்லை. அவர்களைக் குற்றம் சொல்ல எங்களுக்கு மனம் வராது. எங்கள் வீடுகளிலும் அதுவே நடந்தது. அந்தச் செல்லம் அதே பிள்ளை ஏழாம் வகுப்புக்குப் போகும்போது கேலியாக மாறிவிடுகிறது. வீட்டில் "புஷ்டி" என்று கொஞ்சியவனைத் தெருவில் "குண்டா" என்று கூப்பிடுகிறார்கள். பிள்ளைக்குப் பன்னிரண்டு வயதில் கழுத்தின் பின்புறம் வெல்வெட்டுத் துணி போலக் கறுத்துத் தடிப்பதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூட்டால் தேய்த்த தாய்மார்கள் எங்கள் குழுவிலேயே மூவர் உண்டு. அது அழுக்காக இருக்காது, இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம் என்பது அவர்களுக்குப் பின்னால்தான் தெரிய வந்தது.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 விழுக்காட்டினரும் ஆண்களில் 37 விழுக்காட்டினரும் அளவுக்கு மீறிய எடையோ உடல்பருமனோ உடையவர்கள். நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் மிகை எடையுள்ளோர் முந்தைய கணக்கெடுப்பில் 2.1 விழுக்காடாக இருந்து 3.4 விழுக்காடாக உயர்ந்துள்ளனர். பெரியவர்களின் எண்ணிக்கையை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்களிடம் வரும் வீடுகளில் பெரும்பாலும் பிள்ளைக்கு மட்டும் எடை கூடியிருப்பதில்லை. பிள்ளையின் தட்டும் தகப்பனின் தட்டும் ஒரே அடுப்பிலிருந்துதான் நிரம்புகின்றன. ஆகவே பிள்ளைக்கு மட்டும் தனிச் சாப்பாடு என்ற ஏற்பாட்டை நாங்கள் முதல் நாளிலேயே நிறுத்திவிடுகிறோம். அண்ணன் வடை தின்ன, தம்பி வெள்ளரிக்காய் தின்பது தண்டனையாகிவிடும்.

எங்கள் குழுவில் ஒரு தாய் செய்த காரியத்தை இங்கே சொல்ல வேண்டும். வீட்டில் கிடந்த இருமல் மருந்துப் புட்டியின் அளவுமூடியை நன்றாகக் கழுவி, எண்ணெய் டப்பாவின் கழுத்தில் நூலால் கட்டித் தொங்கவிட்டார். தாளிக்க வேண்டுமானாலும் தோசை வார்க்க வேண்டுமானாலும் அந்த மூடியால் அளந்துதான் ஊற்ற வேண்டும் என்பது வீட்டுக் கட்டளை. நான்கு பேர் உள்ள அந்த வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்துகொண்டிருந்தது. நான்கு மாதத்தில் அது 3 லிட்டராகக் குறைந்தது. குழம்பின் ருசி கெட்டுவிட்டது என்று முதல் இரண்டு வாரம் சண்டை நடந்ததையும், பிறகு அந்தச் சண்டை எப்படி ஓய்ந்தது என்பதையும் அவர் புதிய குடும்பங்களிடம் விவரிக்கும்போது, எந்தத் துண்டறிக்கையாலும் முடியாத வேலை நடப்பதைப் பார்க்கிறோம். இப்போது எங்கள் வீடுகளில் பாதிக்கு மேல் அந்த மூடி தொங்குகிறது.

சோறுடைய நாட்டில் சோற்றையே பகையாக்கும் நோக்கம் எங்களுக்கு இல்லை. தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், பக்கத்தில் முட்டையோ மீனோ பயறோ இருந்தால், சோறு தானாகவே அளவுக்கு வந்துவிடுகிறது. அரசுப் பள்ளிகளின் மதிய உணவிலும், 2023 ஆகஸ்ட் 25 அன்று நம் திருக்குவளையில் மாநிலம் முழுமைக்கும் விரிவாக்கப்பட்ட காலை உணவிலும் குறை காண்பாரும் உண்டு. சாம்பாரோடு வரும் அந்தக் கிச்சடியும் மதியத்து முட்டையும், காலை ஏழு மணி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் பிள்ளையின் கையில் திணிக்கப்படும் பத்து ரூபாய்ப் பொட்டலத்தைவிடப் பல மடங்கு மேல் என்பது எங்கள் அனுபவம். பள்ளி வளாகத்திலும் அதைச் சுற்றி 50 மீட்டருக்குள்ளும் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த பண்டங்களை விற்கலாகாது என்று 2020இலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதி வகுத்திருக்கிறது. பள்ளி விட்டதும் வாசலில் நின்று பாருங்கள், மீதி விளங்கும்.

இனி, எதற்குப் பணம் என்று சொல்கிறோம். எங்கள் முதல் தேவை எடை பார்க்கும் கருவியும் உயரம் அளக்கும் கோலும், அவற்றோடு ஒரு மறைப்புத் திரையும். திரை எதற்கு என்று கேட்பவர்களுக்காக, எங்களில் ஒருவரின் மகனுக்கு நேர்ந்ததைச் சொல்லத்தான் வேண்டும். ஒரு மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், பதினோரு வயதுப் பையனை எடை பார்த்த ஊழியர், மறுகோடியில் எழுதிக்கொண்டிருந்தவருக்குக் கேட்க வேண்டும் என்று எடையை உரக்கக் கூவினார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பையன் அதன்பிறகு இரண்டு ஆண்டுகள் எந்த மருத்துவமனைப் படியும் ஏறவில்லை, காய்ச்சலுக்குக்கூட வரமறுத்தான். எங்களிடம் திரைக்குப் பின்னால், பெற்றோர் முன்னிலையில் மட்டுமே அளவெடுக்கப்படும். எடையை வாய்விட்டுச் சொல்லும் வழக்கமே கிடையாது. எடையை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்வதும் இல்லை. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், வயதுக்கும் பாலினத்துக்கும் ஏற்ப, பெரியவர்களின் 23, 27 என்ற உடல் நிறைக் குறியீட்டு (உயரத்துக்கு எவ்வளவு எடை என்று காட்டும் கணக்கு) அளவுகளுக்கு ஈடாக, மிகை எடைக்கு ஒன்றும் உடல்பருமனுக்கு ஒன்றுமாக இரண்டு கோடுகள் வரையப்பட்டுள்ளன; அவற்றில் பிள்ளை எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் நகர்கிறது என்பதைத்தான் பார்க்கிறோம். வளரும் பிள்ளைகள் பலருக்கு எடை குறைய வேண்டிய அவசியம்கூட இல்லை. எடை அப்படியே நின்று, உயரம் கூடினாலே போதும் என்பதை அறியும்போது பெற்றோர் முகத்தில் வரும் நிம்மதி பெரிது. மூன்று இடங்களுக்கு இவற்றை வாங்க 28,500 ரூபாய் ஆகும்.

இரண்டாவது தேவை, விளையாட இடம். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ளவர்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் உழைப்புள்ள விளையாட்டில் ஈடுபட வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் ஊர்களில் அந்த அறுபது நிமிடத்தை எங்கே தேடுவது? சம்பா அறுத்து, அதன் தாளில் விதைத்த உளுந்தையும் பறித்த பிறகு, பங்குனி முதல் வைகாசி வரைதான் வயல்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கின்றன. மேட்டூரில் தண்ணீர் திறந்து, வாய்க்காலில் வந்து சேர்ந்ததும் குறுவைக்கு உழுதுவிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தெருவும் சேறுதான். ஆலைக்காரர் தம் களத்தை மாலையில் விட்டுக்கொடுத்திருக்கிறார், அவருக்கு நன்றி. ஆனால் களத்துக்குக் கூரையில்லை. புரட்டாசி முதல் மார்கழி வரை சனி, ஞாயிறுகளில் இரண்டு ஊர்களில் சிறு மண்டபம் வாடகைக்கு எடுக்க 34,000 ரூபாயும், பந்து, மட்டை, கயிறு முதலியவற்றுக்கு 15,500 ரூபாயும் தேவை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மாதம் ஒரு நாள் தகுதி பெற்ற உணவியல் வல்லுநர் ஒருவர் மூன்று இடங்களுக்கும் வந்து போக ஆண்டுக்கு 48,000 ரூபாய். மாதம் இரு முறை கூட்டாகச் சமைத்துச் சாப்பிடும் நாட்களுக்கு 36,000. துணை நிற்கும் பெற்றோரின் பேருந்து, பெட்ரோல் செலவுக்கு 36,000. கடைசியாக 28,000 ரூபாய், தினக்கூலிக் குடும்பங்களுக்காக. பரிசோதனைகள் அரசு மருத்துவமனையில் இலவசமாகவே செய்யப்பட்டாலும், பிள்ளையைத் தஞ்சாவூருக்கு அழைத்துச் சென்று வரும் நாளில் தாய்க்குக் கூலி போய்விடுகிறது. நடவு நாளில் அந்த இழப்பை ஏற்க எந்தத் தாயாலும் முடியாது. தைராய்டுக் குறை, சில மருந்துகளின் விளைவு போன்ற காரணங்கள் அபூர்வமாக இருக்கலாம் என்பதால், மருத்துவரைப் பார்க்காமல் எந்தப் பிள்ளையையும் நாங்கள் சேர்த்துக்கொள்வதில்லை.

ஆக மொத்தம் 2,26,000 ரூபாய். உறுப்பினர்கள் தந்தது 61,000 கைவசம் உள்ளது. மீதி 1,65,000 ரூபாயைத்தான் உங்களிடம் கேட்கிறோம். முழுத்தொகை சேராவிட்டால் முதலில் கருவிகளையும் கூலி ஈட்டுத்தொகையையும் நிறைவேற்றிவிட்டு, மண்டபத்தை ஓர் ஊரோடு நிறுத்திக்கொள்வோம்.

சில கட்டுப்பாடுகளையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம் விற்கும் நிறுவனங்களிடமிருந்து பணமோ விளம்பரப் பதாகையோ பெறமாட்டோம். உடல் இளைக்கும் பொடி விற்பவர்கள் சிலர் பெரிய தொகையோடு அணுகினார்கள். அவர்களுக்கும் கும்பிடு போட்டு அனுப்பிவிட்டோம். பிள்ளைகளின் படத்தை, முன்பு இப்படி, இப்போது இப்படி என்று போட்டுக் காட்டி நிதி திரட்டுவதில்லை. எவ்வளவு பெரிய நன்கொடையாளர் கேட்டாலும் எந்தப் பிள்ளையின் பெயரையும் சொல்வதில்லை. எங்கள் குழு இன்னும் பதிவு பெறாததால் நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை கிடைக்காது என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

நன்கொடையைப் பொருளாளரிடம் நேரில் கொடுத்து ரசீது பெற்றுக்கொள்ளலாம். வெளியூர் அன்பர்கள் உங்களுக்குத் தெரிந்த எங்கள் உறுப்பினர் எவரிடமேனும் அனுப்பினாலும் மூன்று நாளில் ரசீது வந்து சேரும். பணம் தர இயலாதவர்கள் கூட்டுச் சமையலுக்குத் தோட்டத்துக் காய், கீரை, முருங்கை, பயறு தரலாம். ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர்கள் எவரேனும் வார இறுதியில் இரண்டு மணி நேரம் ஒதுக்கினால் அதைவிடப் பெரிய உதவி இல்லை. வரவு செலவுக் கணக்கு மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதே நெற்களத்தில், ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு வாசிக்கப்படும். யாரும் வந்து கேள்வி கேட்கலாம்.

புரட்டாசியில் மண்டபம் வேண்டுமானால், கல்யாண முகூர்த்தங்கள் தொடங்கும் ஆவணிக்கு முன்பே முன்பணம் கட்டியாக வேண்டும் என்று மண்டபத்தார் சொல்லியிருக்கிறார்கள். ஆகவே உங்கள் உதவி ஆடிப்பெருக்குக்குள் வந்து சேரும்படி பார்த்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.

இங்ஙனம்,
பெற்றோர் குழுவினர்