சைற் புத்தியைக் கழட்டி வைச்சிட்டுப் போ

மச்சான்,

பதில் போடேல்லை எண்டு ஏசாதை. மாரி முறுகிறதுக்கு முதல் அத்திவாரம் ஏத்தி முடிக்கவேணும் எண்டால் இஞ்சை எப்பிடி இருக்கும் எண்டு உனக்குத் தெரியும். வீட்டிலை எல்லாரும் சுகம். மட்டக்கோல் அண்ணை அதே தொப்பி, அதே ஏச்சு.

நீ அனுப்பின ஏ201, அதுதான் அமெரிக்க ஆர்க்கிடெக்ற் சங்கம் ஏஐஏ-வின்ரை கட்டுமான ஒப்பந்தப் பொது நிபந்தனையள், 2017ஆம் ஆண்டுப் பதிப்பு, முழுக்க வாசிச்சன். நீ பிழைவிட்ட பயிற்சிக் கேள்வியளையும் பாத்தன். நீ எடுக்கிற அமெரிக்க ஆர்க்கிடெக்ற் உரிமச் சோதினையின்ரை (ஏஆர்இ) ஆறு டிவிஷனிலையும் கட்டுமான நிர்வாகம்தான் உனக்குச் சோறு எண்டு நினைச்சிருப்பாய். பரந்தனிலையும் மாங்குளத்திலையும் சைற்றிலை நிண்டவனெல்லோ. கரைச்சலே அதுதான். கேள்வி கேக்கிறது பேப்பரிலை என்ன இருக்கு எண்டு. நீ எழுதுறது சைற்றிலை என்ன செய்வம் எண்டு.

சாரத்திலை பெல்ற் இல்லாமல் ஒருத்தன் நிக்கிறான், ஆர்க்கிடெக்ற் என்ன செய்யவேணும்? நீ போட்ட விடை ‘வேலையை நிப்பாட்டு’. ஃபிடிக் எண்ட சர்வதேச ஒப்பந்த மாதிரியிலை எஞ்சினியருக்கு வேலையை இடைநிறுத்தச் சொல்லுற உரிமை இருக்கு, அந்தப் பழக்கம் உனக்கு. ஏ201இலை ஆர்க்கிடெக்ற்றுக்கு அது இல்லை. ஒப்பந்தத்துக்கு ஒவ்வாத வேலையை நிராகரிக்கலாம். திருத்தச் சொல்லியும் திருத்தாட்டில் நிப்பாட்டச் சொல்லுற உரிமை ஓனருக்குத்தான். பாதுகாப்பும் வேலை செய்யிற முறையும் கொன்ராக்டரின்ரை பொறுப்பு. கண்டால் அவருக்கு உடனை சொல்லு, ஓனருக்கும் தெரியப்படுத்து. சாரத்தை எப்பிடிக் கட்டிறது எண்டு மட்டும் வாயைத் திறக்காதை, பொறுப்பு உன்ரை தலையிலை விழும்.

அடுத்தது மாற்றங்கள். இதிலைதான் நீ கனக்க விட்டிருக்கிறாய். கையெழுத்தை எண்ணிப் பழகு. சேஞ்ச் ஓடருக்கு மூண்டு: ஓனர், கொன்ராக்டர், ஆர்க்கிடெக்ற். வேலை, காசு, காலம் எல்லாத்திலையும் மூண்டு பேரும் ஒத்துக்கொண்டது எண்டு அருத்தம். கன்ஸ்ரக்‌ஷன் சேஞ்ச் டிரெக்டிவ்வுக்கு ரெண்டு, கொன்ராக்டரின்ரை கையெழுத்துத் தேவையில்லை. விலையிலை இழுபறி எண்டாலும் அவர் வேலையைத் தொடங்கத்தான் வேணும், கணக்கைப் பிறகு தீர்க்கலாம். மைனர் சேஞ்சுக்கு ஆர்க்கிடெக்ற்றின்ரை கையெழுத்து மட்டும் போதும், ஆனால் காசும் காலமும் ஒரு சதம், ஒரு நாள் அசையக்கூடாது. அசையும் எண்டு கொன்ராக்டர் நினைச்சால் வேலையைத் தொடங்காமல் அறிவிக்கவேணும். பேசாமல் செய்து முடிச்சிட்டு வந்து காசு கேட்டால் கிடையாது.

இதை எங்கடை ஊர்க் கதையிலை வைச்சுப் பார். தூண் அத்திவாரம் வெட்டேக்கை தூர்ந்த கிணறு ஒண்டு வருது. படத்திலை இல்லை. கொன்ராக்டர் அதைக் கிளறாமல், கண்ட நாளிலையிருந்து 14 நாளுக்குள்ளை ஓனருக்கும் ஆர்க்கிடெக்ற்றுக்கும் அறிவிக்கவேணும். ஆர்க்கிடெக்ற் போய்ப் பாத்து, செலவோ காலமோ உண்மையிலை மாறுது எண்டால் சரிக்கட்டச் சொல்லிப் பரிந்துரைப்பார். கூடக் காசோ காலமோ கேக்கிற பொதுவான கிளெயிமுக்கு 21 நாள். நீ எல்லா இடத்திலையும் 28 எண்டு குத்தியிருக்கிறாய். அது ஃபிடிக், மறந்துபோ.

மூடின வேலையைத் திறக்கிற கேள்வி எனக்கு நல்லாப் பிடிச்சுது. சுவருக்குள்ளை போற குழாயை ஜிப்சம் பலகையாலை அடைச்சுப்போட்டாங்கள். ‘மூட முதல் காட்டு’ எண்டு ஆர்க்கிடெக்ற் கேட்டிருந்தால், அல்லது ஒப்பந்தத்திலை அப்பிடி இருந்தால், உள்ளுக்கை வேலை சுத்தமா இருந்தாலும் திறந்து மூடுற செலவு கொன்ராக்டருக்கு. காலமும் கூட்டிக் குடுக்கிறேல்லை. ஒருத்தரும் கேக்காமல் மூடினது எண்டாலும் ஆர்க்கிடெக்ற் திறந்து காட்டச் சொல்லலாம்: சரியெண்டால் செலவு ஓனருக்கு, பிழையெண்டால் கொன்ராக்டருக்கு. நீ ரெண்டையும் ஒண்டாக்கிப்போட்டாய்.

பில் விசயம் சுருக்கமா. இஞ்சை மாதிரி ரேப் பிடிச்சு அளக்கிறேல்லை, ஷெடியூல் ஒஃப் வல்யூசிலை, அதுதான் வேலையைப் பகுதி பகுதியா விலை பிரிச்ச பட்டியலிலை, எத்தினை வீதம் முடிஞ்சுது எண்டுதான் பாக்கிறது. விண்ணப்பம் வந்து 7 நாளுக்குள்ளை சான்றிதழ், அல்லது ஏன் தரேல்லை எண்டு காரணம். காசு நேரத்துக்கு வராமல் 7 நாள் போனால், இன்னும் 7 நாள் நோட்டீஸ் குடுத்துக் கொன்ராக்டர் வேலையை நிப்பாட்டலாம். கொன்ராக்டர் தாற விவரப் படத்தை (ஷொப் டிரோயிங்) நீ அங்கீகரிச்சாலும் அது ஒப்பந்த ஆவணம் ஆகாது, அளவைச் சரிபாக்கிறதும் உன்ரை வேலை இல்லை.

வேலை முடிச்சு ஒப்படைக்கிற குளோஸ் அவுட்டிலை கிடந்து முழுகாதை, கேள்வியளிலை 7 இலையிருந்து 13 வீதம்தான். திருத்தற் காலம் ஒரு வருசம், அது கட்டடம் பாவிக்கிற அளவுக்கு முடியிற சப்ஸ்ரான்ஷல் கொம்பிளீஷனிலை தொடங்கும், கடைசிப் பில்லிலை இல்லை. இவ்வளவும் போதும். மேற்பார்வையும் நிர்வாக நடைமுறையும் ஒவ்வொண்டும் 32–38 வீதம், அங்கை இரு.

இந்த டிவிஷனுக்கு 75 கேள்வி, 3 மணித்தியாலம். இடைவேளைக்கு எழும்பினால் அதுக்கு முதல் பாத்த கேள்வி ஒண்டுக்கும் திரும்பேலாது. தேத்தண்ணி அவதியிலை எழும்பிப்போடாதை, உன்னை எனக்குத் தெரியும். கோட்டை விட்டால் 60 நாளைக்கு அந்தப் பக்கம் போகேலாது, அவ்வளவு நாளும் உன்ரை புலம்பலை நான் கேக்க மாட்டன்.

ஏஐஏ-வின்ரை பில் விண்ணப்பப் படிவம் ஜி702, ஜி703 மாதிரித் தாள் இருந்தால் அனுப்பு, இஞ்சை பொடியளுக்குக் காட்டவேணும். முறிகண்டிக் கச்சான் பாசலிலை வருது. சோதினை மண்டபத்திலை கொறிக்க விடாங்கள், வீட்டிலையே முடிச்சிட்டுப் போ.

உன்ரை,
குண்டுநூல்
கிளிநொச்சி