புகார்: குழாயின் வெளிவிட்டத்தை உள்விட்டமாக எடுத்துக்கொள்ளும் உங்கள் மென்பொருள்

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இந்த விஷயமாக நான் எழுதும் ஐந்தாவது கடிதம் இது. முதல் நான்கும் உங்கள் உதவிப் பிரிவுக்குப் போயின. மூன்றுக்கு "உங்கள் கோரிக்கை பதிவாகிவிட்டது" என்று இயந்திரம் பதில் போட்டது. ஒன்றுக்கு மனிதர் ஒருவர் பதில் போட்டார். அதற்கு இயந்திரமே தேவலை. அதனால்தான் இம்முறை உங்கள் பெயருக்கே எழுதுகிறேன். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

உங்கள் குழாய் அளவு மென்பொருளை ஏழு வருடமாகப் பயன்படுத்துகிறேன். ஒரு வருடம்கூட லைசென்ஸைப் புதுப்பிக்கத் தவறியதில்லை. கடைசி அப்டேட் வரைக்கும் கணக்கு ஒழுங்காகத்தான் வந்தது. அதற்குப் பிறகு பிபிஆர் என்னும் பிளாஸ்டிக் குழாயைத் தேர்ந்தெடுத்தால், 32 மி.மீ. என்று இருப்பதை அப்படியே உள்விட்டமாக எடுத்துக்கொள்கிறது. பிபிஆரில் 32 என்பது ஓடி, அதாவது வெளி அளவு. பிஎன் 20 என்ற அழுத்த ரகத்தில் சுவர்த் தடிமன் 5.4 மி.மீ. இரண்டு பக்கமும் கழித்தால் தண்ணீர் போக மிச்சம் இருப்பது 21.2 மி.மீ. இதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. உங்கள் மென்பொருளின் குழாய்ப் பட்டியலிலேயே அந்த 5.4 இருக்கிறது. பட்டியலில் இருப்பது கணக்குக்குள் வரவில்லை, அவ்வளவுதான்.

இரும்புக் குழாய்க்குப் பழகிய யாரோ இந்த அப்டேட்டை எழுதியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். இரும்பில் 25 என்றால் உள்ளே கிட்டத்தட்ட 27 இருக்கும், பெயரை நம்பிக் கணக்குப் போட்டாலும் மோசம் போகாது. பிளாஸ்டிக்கில் அந்தப் பழக்கம் ஆளைக் கவிழ்த்துவிடும்.

என்னைக் கவிழ்த்தது. ஆறு மாடிக் கட்டடம். மொட்டைமாடித் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் மேல்மாடி ஷவருக்கும் நடுவே உயர வித்தியாசம் 4 மீட்டர்தான். மேல்மாடிக்கு இறங்கும் குழாயில் நொடிக்கு அரை லிட்டர். வளைவுகளையும் வால்வுகளையும் சேர்த்துச் சமநீளம் 30 மீட்டர். வேகம் நொடிக்கு 0.62 மீட்டர், உராய்வில் போகும் அழுத்தம் நீர் உயரக் கணக்கில் அரை மீட்டர்கூட இல்லை, 32 தாராளம் என்று உங்கள் மென்பொருள் பச்சை விளக்கு காட்டியது. உராய்வு இழப்புக்கான அதே ஹேசன்–வில்லியம்ஸ் சூத்திரத்தில், குழாயின் வழவழப்பைக் குறிக்கும் சி 150-ஐ மாற்றாமல், 21.2 என்று மட்டும் போட்டுப் பாருங்கள். வேகம் 1.42. உராய்வில் போவது 3.26 மீட்டர். விட்டம் அந்தச் சூத்திரத்தில் ஏறக்குறைய ஐந்தாம் அடுக்கில் உட்கார்ந்திருக்கிறது, அதனால் இழப்பு ஏழு மடங்குக்கு மேல் ஏறிவிட்டது. இருந்த 4 மீட்டரில் ஷவருக்கு மிஞ்சியது முக்கால் மீட்டர். உள்ளே 32 வேண்டுமென்றால் 50 போட்டிருக்க வேண்டும்.

கீழ் மாடிகள் தப்பித்தன. ஒவ்வொரு மாடி இறங்கவும் 3 மீட்டர் கூடுகிறதே. மேல்மாடிக்காரர் தப்பிக்கவில்லை. என்னைக் குளியலறைக்குள் கூட்டிப்போய், ஒன்றும் பேசாமல் ஷவரைத் திறந்தார். தண்ணீர் கீழே விழவேயில்லை. ஷவர் தலையின் விளிம்பைச் சுற்றி வந்து, தண்டைப் பிடித்துக்கொண்டு, சுவர் வழியாக வழிந்தது. பக்கத்துக் குளியலறையில் யாரோ குழாயைத் திறக்க, அதுவும் நின்றுபோனது. அவர் அப்போதும் பேசவில்லை. திட்டியிருந்தால்கூட எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

கையால் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். உங்கள் ஆள் கேட்டார். பார்த்திருக்க வேண்டும்தான். ஏழு வருடம் சரியாகச் சொன்னதை எட்டாவது வருடம் சந்தேகப்படத் தோன்றவில்லை. அதற்குத்தானே உங்களுக்குப் பணம் கட்டுகிறேன்?

அந்த ஆளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாற்பது நிமிடம் இசை கேட்ட பிறகு போனில் கிடைத்தவர் அவர். பட்டியலில் இருக்கும் தடிமனைக் கணக்கு கழிக்கவில்லை என்று நிதானமாகத்தான் சொன்னேன். "சார், பைப்புக்கு டயா ஒண்ணுதான் சார்" என்றார். உள்ளே ஐடி, வெளியே ஓடி என்று இரண்டு உண்டு தம்பி என்றேன். "நீங்க எஞ்சினியர்தானே? இல்ல, கடைல வாங்கிப் போடுறவரா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இன்னொருவரும் சிரித்தது கேட்டது. கடையில் வாங்கிப் போடுகிறவருக்கு ஐடி, ஓடி நன்றாகவே தெரியும், அது வேறு விஷயம். "இந்த அழைப்பு தரத்துக்காகப் பதிவு செய்யப்படுகிறது" என்று ஆரம்பத்தில் நீங்கள்தான் அறிவித்தீர்கள். அந்தப் பதிவைப் போட்டுக் கேளுங்கள். உங்கள் அலுவலகத்தில் எல்லோரையும் உட்காரவைத்துக் கேளுங்கள்.

மன்னிக்கவும், கோபம் வந்துவிட்டது. அவர் மேல் நடவடிக்கை எடுத்து வேலையைப் பறிக்கச் சொல்லவில்லை. ஒரு குழாயை அளக்கக் கற்றுக்கொடுங்கள், போதும்.

அதற்கு முன்னால் வந்த மின்னஞ்சலையும் சொல்ல வேண்டும். மனிதர் போட்ட பதில் என்றேனே, அதுதான். "ஃப்ளஷ் டேங்குக்குப் பதிலாக ஃப்ளஷ் வால்வைத் தவறாகத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று சரிபார்க்கவும்" என்று ஒற்றை வரி. எழுதியவருக்கு உங்கள் மென்பொருளே தெரியவில்லை. கட்டடத்தின் நீர்த்தேவையைக் கணிக்க ஹன்டர் 1940-ல் கொடுத்த முறையைத்தான் நீங்களும் வைத்திருக்கிறீர்கள். அந்த முறையின் வளைகோட்டில் 100 ஃபிக்ஸ்சர் யூனிட்டுக்கு (குழாய், கழிப்பறை போன்றவற்றின் நீர்த்தேவையை எண்ணும் அலகு) டேங்க் என்றால் நிமிடத்துக்குச் சுமார் 165 லிட்டர், வால்வு என்றால் சுமார் 255. நான் தவறுதலாக வால்வைத் தொட்டிருந்தால் குழாய் பெரிதாகியிருக்கும், மேல்மாடிக்காரர் ஆனந்தமாகக் குளித்திருப்பார். அந்தத் தவறைச் செய்யாததுதான் என் தவறு போலும்.

அப்புறம் அந்தப் பயணம். குழாய்த் துண்டையும் மடிக்கணினியையும் எடுத்துக்கொண்டு சேவை மையத்துக்கு நேரில் வந்தால் அன்றே தீர்த்துத் தருவோம் என்று உங்கள் மையத்திலிருந்தே ஒருவர் சொன்னார். விடியற்காலையில் கிளம்பி வந்தேன். பைக்குள் குழாய் எதற்கு என்று வாசல் காவலர் அதை வாங்கி வைத்துக்கொண்டார். உள்ளே டோக்கன் கொடுத்தார்கள். மூன்றரை மணிநேரம் கழித்து என்னை அழைத்த பெண், பாவம், அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை, "இது டெக்னிக்கல் சார், ஆன்லைன்ல டிக்கெட் போடுங்க" என்றார். டிக்கெட் போட்டு ஒன்றும் நடக்காததால்தான் வந்திருக்கிறேன் என்றேன். இன்னொன்று போடச் சொன்னார். போட்டேன், அங்கேயே நின்றுகொண்டு. அது இப்போது "தீர்க்கப்பட்டது" என்று மூடப்பட்டிருக்கிறது. யார் தீர்த்தார்கள், எதைத் தீர்த்தார்கள் என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இதோடு நின்றதா? கழிவுநீர்ப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் அங்கே இன்னொன்று. மூன்று கழிப்பறைகள் சேரும் 110 குழாய், 1:80 சரிவில் வருகிறது. அடுத்த பகுதியில் சரிவு 1:40. உடனே உங்கள் மென்பொருள் சுமை தாங்கும் என்று சொல்லி 75-க்கு இறங்கிவிட்டது. நீர் அளவை மட்டும் பார்த்தால் கணக்கில் பிசகில்லை. கழிப்பறையிலிருந்து வருவது நீர் மட்டும்தானா? கழிவுக் குழாய் போகும் திசையில் சிறுக்கக்கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் நாள் பாடம். வரைபடத்தைப் பார்த்த பிளம்பர், "மேல 110, கீழ 75-ஆ சார்? அடைச்சா நீங்களே வந்து குத்தி எடுத்துடுவீங்களா?" என்றார். நல்லவேளை, இதை அவர் பிடித்துவிட்டார். பழைய பதிப்பில் இப்படி இறங்கினால் சிவப்பாக எச்சரிக்கை வரும். அதை எதற்கு எடுத்தீர்கள்?

மேல்மாடியில் டைல்ஸை உடைத்து 50 போட்டுக்கொண்டிருக்கிறோம், என் செலவில். போன பணத்தைவிடப் பெரிது, போன பேர். இருபது வருடம் சேர்த்த பேர் ஒரே வாரத்தில் தரைமட்டமாகிவிட்டது. இனி எவன் என் வரைபடத்தை நம்பிச் சுவரை உடைப்பான்? இந்தத் தொழிலையே விட்டுவிடலாமா என்று இரவெல்லாம் யோசிக்கிறேன்.

எனக்கு வேண்டியதைத் தெளிவாகச் சொல்கிறேன். மாற்றுக் குழாய், டைல்ஸ், கூலி மூன்றுக்கும் ரசீது இணைத்திருக்கிறேன். அதையும் இந்த வருட லைசென்ஸ் தொகையையும் திருப்பித் தாருங்கள். தவறு உங்களுடையது என்று எழுத்தில் வேண்டும், கட்டட உரிமையாளரிடம் காட்டுவதற்கு. இதைவிட அவசரமாக ஒன்று இருக்கிறது. இந்த அப்டேட்டைப் போட்ட அத்தனை பேருக்கும் இன்றே தகவல் அனுப்புங்கள். என் கட்டடத்தில் சுவர் உடைந்தாயிற்று. எத்தனை கட்டடங்களில் இதே 32-ஐச் சுவருக்குள் வைத்துப் பூசிக்கொண்டிருக்கிறார்களோ.

உங்கள் மென்பொருள் நல்ல மென்பொருள் என்று பத்துப் பேருக்கு நானே சொல்லி வாங்கவைத்திருக்கிறேன். சண்டை போட எனக்கு ஆசையில்லை. ஆனால் பதினைந்து நாளுக்குள் கையெழுத்திட்ட பதில் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். இரண்டு பதிப்புகளின் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தொழிலில் இருக்கும் எல்லோருக்கும் அனுப்புவேன். வக்கீலிடம் பேசியாயிற்று. இதை மிரட்டலாக எடுத்துக்கொண்டாலும் பரவாயில்லை, வேண்டுகோளாக எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

டிக்கெட் எண்கள், பழைய பதிப்பிலும் புதிய பதிப்பிலும் எடுத்த கணக்குத் தாள்கள், அழைப்பின் தேதி, நேரம் எல்லாம் இணைப்பில் உள்ளன. என் குழாய்த் துண்டு உங்கள் வாசல் காவலரிடமே இருக்கிறது, வந்த கோபத்தில் திரும்ப வாங்க மறந்துவிட்டேன். தபாலில் அனுப்ப வேண்டாம். மேலே எடுத்துப்போய் "டயா ஒண்ணுதான்" என்ற தம்பியிடம் கொடுங்கள், கூடவே ஒரு காலிப்பரும்.

இப்படிக்கு,
ஏழு வருட வாடிக்கையாளர்