வேலை நேரத்துக்கு வேண்டுகோள், ரயில் நேரத்துக்கு உத்தரவு

டோம்பிவிலி,
12.2.2021

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மும்பைவாசிகள் கொரோனா கால வாழ்க்கைக்குப் பழகிவிட்டார்கள் என்று சென்ற ஞாயிறன்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். மாநகராட்சியின் 200 ரூபாய் அபராதம் ஒருபுறம் இருக்கட்டும், முகக்கவசம் இல்லாமல் படியிறங்கினால் சட்டை போடாமல் தெருவில் நிற்பதுபோல எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆனால் இப்போதைய ரயில் நேரத்துக்கு மட்டும் என்னால் பழக முடியவில்லை.

தென் மும்பைச் சந்தைப் பகுதியான மஸ்ஜித் பந்தரில் ஒரு மசாலா மொத்த வியாபாரக் கடையில் நான் கணக்கர். 1989-இல் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்த நாள் முதல் லோக்கல் ரயில்தான் எனக்குக் கடிகாரம். 2020 மார்ச் 22 இரவோடு அது நின்றது. ஜூனில் அத்தியாவசியப் பணியாளர்களுக்காக மறுபடி ஓடியது. மிளகாய்க்கும் மல்லிக்கும் கணக்கு எழுதுகிறவன் அந்தப் பட்டியலில் இல்லை. கடை திறந்தபின் பஸ் மாறி மாறிப் போனேன். ஒரு வழிக்கு மூன்று மணி நேரம். ஒரு மாத சீசன் டிக்கெட்டுக்குக் கட்டும் பணம் இரண்டே நாளில் கரைந்தது. அக்டோபர் 21 முதல் பெண்களை ஏற்றிக்கொண்டதும் என் மனைவி எனக்கு முன்பாக ரயிலேறி மாட்டுங்கா போய் வாழைப்பூவும் கறிவேப்பிலையும் வாங்கி வந்தாள். அன்று இரவு முழுக்க, ரயில் எப்படி இருந்தது என்று ஊருக்குப் போய் வந்தவளிடம் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இந்த மாதம் 1-ஆம் தேதிதான் எங்களைப் போன்ற பொதுமக்களின் முறை வந்தது, அதுவும் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும். முதல் வண்டியிலிருந்து காலை 7 மணி வரை, பகல் 12 முதல் 4 வரை, இரவு 9 முதல் கடைசி வண்டி வரை. வேலைக்குப் போகிறவன் எந்த நேரத்தில் ரயிலில் இருக்க வேண்டுமோ, அந்த நேரத்தை மட்டும் கத்தரித்து எடுத்திருக்கிறார்கள்.

கூட்டம் கூடாது என்பதற்காகத்தான் இது, மறுக்கவில்லை. மூன்று பேர் இருக்கையில் நான்காவது ஆளாக ஒரு பக்கம் தொற்றிக்கொண்டு முப்பது வருடம் போனவனுக்கு அடுத்தவர் மூச்சு எவ்வளவு தூரம் எட்டும் என்று தெரியாதா? பழைய பெட்டியில் கூடிப் பேசிப் போன ஏழு பேரில் நான்கு பேரைத்தான் மறுபடி பார்த்தேன். இருவர் ஊரோடு போய்விட்டார்கள். ஒருவரைப் பற்றி இங்கே எழுத மனம் வரவில்லை.

ஆறரை வண்டியைப் பிடித்தால் எட்டு மணிக்குள் மஸ்ஜித் பந்தர். கடை திறப்பது பத்தரைக்கு. அதுவரை பூட்டிய ஷட்டருக்கு முன்னால் படியில் உட்கார்ந்திருக்கிறேன். மிளகாய் மூட்டை இறக்கும் நேரம் அது. மூட்டை தோளிலிருந்து தரையில் விழும்போதெல்லாம் செந்தூள் கிளம்பும். துணி முகக்கவசம் எச்சிலைத் தடுக்கும், குண்டூர் மிளகாயைத் தடுக்காது. அடுக்காக நாலைந்து தும்மல். முன்பெல்லாம் எங்கள் சந்தில் தும்மலை யாரும் பொருட்படுத்தியதில்லை. இப்போது வழியில் போகிறவர்கள் இரண்டடி விலகி என்னை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். மூட்டையைக் காட்டி, "மிர்ச்சி, மிர்ச்சி" என்று சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது.

என்னைப்போல எங்கள் சந்தில் மட்டும் பதினொரு பேர் காத்திருக்கிறோம். எல்லாருக்கும் ஒரே டீக்கடை, எல்லார் முகக்கவசமும் தாடையில். ரயிலில் கூடாத கூட்டம் படிக்கட்டில் கூடுகிறது. மாலை ஏழுக்குக் கடை அடைத்தால் ஒன்பது வரை மறுபடி அதே படி. கொசு மட்டும் கூடுதல். வீடு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுக்கப் பன்னிரண்டு ஆகிறது. ஐந்து மணிக்கு எழ வேண்டும்.

அலுவலகங்களும் கடைகளும் வேலை நேரத்தை மாற்றி அமைத்துக்கொள்ளும்படி அரசு வேண்டுகோள் விடுத்திருக்கிறது. குஜராத்திப் பத்திரிகையில் வந்த அந்தச் செய்தியை வெட்டி எடுத்து முதலாளியிடம் காட்டினேன். பேரேடு எழுத வாடிக்கையாளர் எதற்கு? எட்டு மணிக்கு உட்கார்ந்தால் மூன்றரைக்கு முடித்து, நாலுக்குள் வண்டி ஏறிவிடுவேன் என்றேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தவர், "வேண்டுகோள்தானே, உத்தரவில்லையே" என்று செய்தித் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர் கெட்டவர் அல்லர். கடை மூடிக்கிடந்த மாதங்களிலும் பாதிச் சம்பளம் கொடுத்தவர். சாவியை இன்னொருவர் கையில் கொடுக்கத்தான் மனம் வரவில்லை. இரண்டு கடை தள்ளி இருக்கும் முந்திரி வியாபாரி கொடுத்திருக்கிறார். அவருடைய கணக்கர் மூன்றரைக்குப் பையை மாட்டிக்கொண்டு எங்கள் வாசலைக் கடக்கும்போது நான் பேரேட்டுக்குள் தலையைக் குனிந்துகொள்கிறேன்.

ஏழு மணிக்கு மேல் ரயிலேறினால் குற்றம் என்னுடையது. நேரத்தை மாற்றாத கடைக்கு ஒன்றும் இல்லை. வாடிக்கையாளர் முகம் பார்க்கத் தேவையில்லாத வேலைகளுக்காவது அந்த வேண்டுகோளை உத்தரவாக்க வேண்டும். அது முடியாதென்றால் இரவு 9 என்பதை 8 ஆக்கட்டும். எனக்கு ஒரு மணி நேரத் தூக்கம் மிச்சம்.

என் முதலாளிக்குத் தமிழ் தெரியாது. இதைத் தாங்கள் பிரசுரித்தால் நானே குஜராத்தியில் எழுதி அவர் மேசையில் வைத்துவிடுவேன். அதற்குக் காலையில் இரண்டரை மணி நேரம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒரு கணக்கர்,
டோம்பிவிலி கிழக்கு