பதில் சொன்னவர்களுக்கும் முடிவைச் சொல்லுங்கள்

பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு நிறுவனங்களின் இயக்குநர்களுக்கும் ஆய்வாளர்களுக்கும்,

வணக்கம். உங்கள் ஆய்வுகளில் களப்பணியாளராகவும், கேள்வித்தாள்களை மொழிபெயர்ப்பவனாகவும் வேலை பார்த்தவன் நான். உங்கள் வேலைமேல் எனக்கு மிகுந்த மதிப்பு உண்டு. அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு வீட்டுக் கணக்கெடுப்பு லேசில் முடியாது. கடந்த ஏழு நாளில் எவ்வளவு தானியம் சாப்பிட்டீர்கள், அதில் வாங்கியது எவ்வளவு, விளைந்தது எவ்வளவு? கூரை எதனால் ஆனது? யாராவது பசியோடு படுத்ததுண்டா? பெற்ற பிள்ளைகளில் இறந்தவர்கள் உண்டா? இந்தக் கடைசிக் கேள்விக்கு உடனே பதில் வராது. அந்தத் தாய் வேறெங்கோ பார்த்தபடி இருப்பார். நாங்கள் டேப்லெட் திரையைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்புறம் ஓர் எண் சொல்வார். அதைப் பதிந்துகொண்டு அடுத்த கேள்விக்குப் போவோம்.

முடிக்கும்போது பலரும் கேட்பது, "இதையெல்லாம் எழுதிக்கிட்டுப் போய் என்ன செய்வீங்க?" ஒப்புதல் படிவத்தில் உள்ள பத்தியை மறுபடி வாசித்துக் காட்டுவோம். அதன்பின் அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ஏழைக் குடும்பங்களுக்குத் தரும் சிறு கடனான குறுங்கடனையே எடுத்துக்கொள்ளுங்கள். போஸ்னியா, எத்தியோப்பியா, இந்தியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என ஆறு நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகள் 2015-இல் ஒன்றாக வெளியாயின. சிலருக்குத் தொழிலைப் பெருக்க அந்தக் கடன் கைகொடுத்தது; ஆனால் சராசரியாகப் பார்த்தால் குடும்பங்களின் வாழ்க்கையை அது புரட்டிப்போடவில்லை. நன்கொடை நிறுவனங்களும் வங்கிகளும் இதைப் படித்தன. அடுத்த கடனுக்குக் கையெழுத்துப் போடலாமா என்று யோசிக்கும் பெண்ணுக்கு இதைவிடப் பயனுள்ள செய்தி வேறென்ன இருக்கிறது? அவர் மொழியில், அவர் காதில் விழும்படி இதைச் சொல்வது யார் பொறுப்பு?

முடிவை மக்களிடம் திருப்பிச் சொல்வதால் ஆய்வுக்கும் லாபம்தான். கேட்கும் முறை மாறினால் விடையும் மாறும் என்பது உங்களுக்கே தெரியும். தான்சானியாவில் நுகர்வுச் செலவை எட்டு விதமாகக் கேட்டுப் பார்த்தார்கள். முறைக்கு முறை வறுமையின் அளவே வேறாக வந்தது. அப்படியிருக்க, வந்த எண்ணை அந்த மக்களிடமே காட்டி "இது சரிதானா?" என்று கேட்பதைவிட நல்ல சோதனை எது? இங்கிலாந்தின் சசெக்ஸ் வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் ராபர்ட் சேம்பர்ஸ் இதைப் பல காலம் வலியுறுத்தினார். வெளியிலிருந்து வருபவர்கள் தார்ச்சாலை ஓரத்தையும் மழையில்லாத மாதங்களையும் மட்டுமே பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று எச்சரித்தவர் அவர். மக்களே தரையில் வரைபடம் போட்டு, விதைகளை வைத்து எண்ணி, தாங்களே அலசும் முறைகளைப் பரப்பியதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. அந்த முறைகளை இன்று பயிற்சி வகுப்பில் கற்றுத் தருகிறீர்கள். ஆனால் பெரிய கணக்கெடுப்பு என்று வந்தால் அவை காணாமல் போய்விடுகின்றன.

இன்னொன்று. 1984-இல் தொடங்கி தொண்ணூறுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடந்த மக்கள்தொகை, உடல்நலக் கணக்கெடுப்புத் திட்டத்துக்கான அமெரிக்க நிதி 2025-இல் நின்றது. ஆய்வாளர்கள் பதறினார்கள், நானும்தான். பதில் சொன்ன குடும்பங்களிடமும் அந்த முடிவுகள் போய்ச் சேர்ந்திருந்தால், அதைக் காப்பாற்றச் சொல்லி இன்னும் எத்தனையோ குரல்கள் எழுந்திருக்கும் என்பது என் நம்பிக்கை.

பணம் இல்லை என்பீர்கள். சரி, ஆய்வுத் திட்டம் எழுதும்போதே அதற்கென ஒரு தொகையை ஒதுக்குங்கள். நிதி தருபவரிடம் அதை விட்டுக்கொடுக்காமல் பேசுங்கள். அறிக்கை அச்சாகும் முன்பே, உள்ளூர் மொழியில் ஒரு கூட்டமோ ஓர் ஒலிப்பதிவோ போதும். அதில் மக்கள் சொல்லும் மறுப்பையும் அறிக்கையில் சேருங்கள். ஆய்வுநெறிக் குழுக்களும் ஒப்புதல் படிவத்தைச் சரிபார்ப்பதோடு நிறுத்தாமல், முடிவை எப்போது, யார், எந்த மொழியில் போய்ச் சொல்லப்போகிறார்கள் என்று கேட்டு, அதற்குப் பதில் வந்த பிறகே அனுமதி தரட்டும்.

அன்புடன்,
உங்கள் முன்னாள் களப்பணியாளன்